ஒரே சாவி மூன்று பூட்டுக்கு ஆகாது

காட்பாடியில் பொறியியல் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருப்பது இது: "ஹாஸ்டலில் என் அறையில் ஒருவன் பெரியார் வாசகன், ஒருவன் ஆரணிப் பக்கத்துச் சைவக் குடும்பம், ஒருவன் வாணியம்பாடி முஸ்லிம். பைபிள் உண்மை என்று பைபிளே சொல்கிறது என்றால் அது சுற்றி வளைத்த பேச்சுதானே என்று மூவரும் கேட்கிறார்கள். சீர்திருத்த இறையியலில் இதற்குப் பதில் இருக்கிறது என்று யூடியூபில் பார்த்தேன். 'கடவுள் இல்லாமல் லாஜிக்கே இல்லை' என்று சொல்லிப் பார்த்தேன். சிரித்துவிட்டார்கள். எங்கே தப்பு?"

தம்பி, இரண்டு தப்பு. மூன்று பேருக்கும் ஒரே பதிலைக் கொடுத்தீர்கள். அதிலும் விடையை மட்டும் கொடுத்தீர்கள், கணக்கைப் போட்டுக் காட்டவில்லை. ஸ்டெப் எழுதாத விடைக்கு எவ்வளவு மார்க் என்று உங்களுக்கே தெரியும்.

முதலில் ஒன்று. கால்வின் வழிவந்த புராட்டஸ்டண்ட் இறையியலாகிய இந்தச் சரக்கை அமெரிக்காவிலிருந்து இப்போதுதான் இறக்குகிறோம் என்ற கூச்சம் வேண்டாம். வட ஆர்க்காட்டுக்கு இது பழசு. 1853இல் ஸ்கட்டர் சகோதரர்கள் தொடங்கிய ஆர்க்காடு மிஷன் டச்சுச் சீர்திருத்த மரபில் வந்த அமெரிக்கத் திருச்சபையுடையது. அந்தச் சபை கைக்கொண்ட அறிக்கைகள் மூன்று: 1561இன் பெல்ஜிக் விசுவாச அறிக்கை, 1563இன் ஹைடல்பெர்க் வினாவிடை, 1618–19இல் கூடிய டார்ட் மாமன்றத்தின் தீர்மானங்கள். 1908இல் தென்னிந்திய ஐக்கிய சபை, 1947இல் சி.எஸ்.ஐ. என்று சபைகள் இணைந்தபோது இவை பேச்சிலிருந்து மறைந்தன. ஆனால் ஹைடல்பெர்க்கின் 129 கேள்விகளில் 23 முதல் 58 வரை முழுக்க, ஆராதனையில் நீங்கள் எழுந்து நின்று சொல்லும் அப்போஸ்தலர் விசுவாசப்பிரமாணத்தின் விளக்கம்தான்.

அந்தச் சொல்லைப் பாருங்கள். விசுவாசப் 'பிரமாணம்'. இந்த இடத்தில் அதற்கு உறுதிமொழி என்றுதான் பொருள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தருக்க நூலில் பிரமாணம் என்றால் அளவை, அறிவை அளக்கும் கோல். உங்கள் அறையில் நடக்கும் சண்டை முழுவதும் அந்த அளவையைப் பற்றியதுதான்.

நேதாஜி மார்க்கெட்டில் தக்காளி வாங்குகிறீர்கள். தராசு சரியா என்று சந்தேகம் வந்தால் எடைக்கல்லைப் பார்க்கிறோம். எடைக்கல் சரியா? அதில் முத்திரை இருக்கிறது. முத்திரை குத்திய அதிகாரி எதை வைத்துச் சரிபார்த்தார்? அலுவலகத்தில் இருக்கும் தரக்கல்லை வைத்து. அந்தத் தரக்கல்? அதற்கும் மேலே ஒன்று. இப்படிப் போனால் எங்கோ ஓரிடத்தில், 'கிலோ என்றால் இதுதான், இதை நிறுத்துப் பார்க்க வேறு கல் கிடையாது' என்று நின்றாக வேண்டும். நிற்காவிட்டால் நம் தருக்க நூல்கள் அநவத்தை என்று சொல்லும் குற்றம், முடிவில்லாமல் ஓடுவது. சுற்றி வந்து முதல் கல்லையே தொட்டால் சக்கரகம். கடைசி அளவை எதுவானாலும், அதை அளக்க இன்னொன்று இருந்தால் அந்த இன்னொன்றுதான் கடைசி அளவை.

'கண்டதையும் அறிவால் சோதித்ததையும் மட்டுமே ஏற்பேன்' என்று பெரியார் வாசக நண்பர் சொன்னால் அந்த வாக்கியத்தை அவர் எங்கே கண்டார், எந்த லேபில் சோதித்தார்? அறிவு நம்பத்தக்கது என்பதை அறிவை வைத்துத்தான் காட்டுவார். வேறு வழி அவருக்கு இல்லை. உங்களுக்கும் இல்லை.

இங்கேதான் பலர் அவசரப்பட்டுக் கெடுப்பார்கள். 'நீயும் வட்டம், நானும் வட்டம், சரிக்குச் சரி' என்று சொல்லிவிட்டு வெற்றிச் சிரிப்புச் சிரிப்பார்கள். அப்படிச் சொன்னால் மந்திரவாதிக்கும் ஜோசியக்காரருக்கும் அதே சலுகையைக் கொடுத்தாயிற்று. கடைசி அளவை எல்லோருக்கும் உண்டு என்பது பேச்சின் தொடக்கம். எந்த அளவையில் நின்றால் அறிவு, அறம், அறிவியல் எல்லாம் நிற்கின்றன, எது தன் பாரத்தைத் தானே தாங்காமல் விழுகிறது என்பதுதான் அடுத்த கேள்வி. அதைக் கேட்காமல் எழுந்து போகக் கூடாது.

இனி மூன்று பூட்டையும் பாருங்கள். சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார் பத்து அளவைகளைச் சொல்லி, அவற்றைக் காட்சி, கருதல், உரை என்ற மூன்றில் அடக்குகிறது. உரை என்பது இறைநூல். ஆகவே வேதநூல் ஓர் அளவை என்பது உங்கள் சைவ நண்பருக்குப் புதிதே அல்ல. அவருடைய கேள்வி 'எந்த உரை, ஏன் அது?' என்பது. முஸ்லிம் நண்பரும் உரையை ஏற்கிறார், உங்கள் உரை கெடாமல் வந்து சேர்ந்ததா என்று கேட்கிறார். உரையே வேண்டாம் என்பவர் பெரியார் வாசகர் ஒருவர்தான். உங்கள் யூடியூப் பதில் அவருக்காகச் செய்தது. அதை மூவருக்கும் பரிமாறினீர்கள்.

கருவிகளைப் பிரித்துப் பார்ப்போம். பதினாறாம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதி கால்வின் தன் பெருநூலின் (முதல் பதிப்பு 1536, கடைசிப் பதிப்பு 1559) முதல் பாகத்தில் இரண்டு விஷயம் சொல்கிறார். மனிதனுக்குள் இறையுணர்வு விதைக்கப்பட்டிருக்கிறது என்பது ஒன்று. வேதம் தேவவாக்கு என்ற உறுதியைத் தருவது சபையோ வாதமோ அல்ல, ஆவியானவரின் உள்சாட்சி என்பது இன்னொன்று. வெளிச்சத்தையும் இருட்டையும், இனிப்பையும் கசப்பையும் எப்படிப் பிரித்தறிகிறாய் என்று கேட்பதுபோல்தான் வேதம் தேவனுடையது என்று எப்படி அறிவாய் என்ற கேள்வியும் என்கிறார்.

சித்திரையில் பாலாற்றுப் பாலத்தில் நின்று பாருங்கள். மணலும் சீமைக்கருவேலமும்தான். ஆனால் கரையோர ஊர்களில் பெரியவர்கள் மணலைக் கையால் தோண்டி, ஊறி வரும் தண்ணீரைக் கொட்டாங்கச்சியில் மொண்டு குடத்தில் ஊற்றியிருக்கிறார்கள். 'தொட்டனைத் தூறும் மணற்கேணி' என்று குறள் சொல்வது அதைத்தான். (மணலை அள்ளி அள்ளி இன்று பல இடத்தில் அந்த ஊற்றும் போய்விட்டது, அது வேறு வருத்தம்.) கால்வின் சொல்லும் இறையுணர்வு ஏறக்குறைய அந்த ஊற்று. ரோமர் 1:18 சொல்வது, மனிதன் சத்தியத்தை 'அநியாயத்தினாலே அடக்கிவைக்கிற'வன் என்று. ஊற்று இல்லாமல் இல்லை, மேலே மணலை அவனே தள்ளுகிறான். அந்த ஊற்று ஒருவரை இரட்சிக்கப் போதாது. போக்குச்சொல்ல இடமில்லாமல் செய்வதற்கு மட்டும் போதும். இதை நீங்கள் நம்பினால், எதிரில் இருப்பவர் ஒன்றும் தெரியாதவர் என்ற தோரணை உங்களுக்கு வராது.

இந்தக் கால்வினை எடுத்து அமெரிக்கத் தத்துவவாதி ஆல்வின் பிளாண்டிங்கா (பிறப்பு 1932) தத்துவ மொழியில் அமைத்தார். காலையில் மெஸ்ஸில் பொங்கல் சாப்பிட்டதை நம்புகிறீர்கள். என்ன ஆதாரம் என்றால் ஞாபகம் என்பீர்கள். ஞாபகம் நம்பத்தக்கது என்பதற்கு ஆதாரம்? கிடையாது, ஆனாலும் நீங்கள் முட்டாள் இல்லை. சில நம்பிக்கைகள் அடித்தளத்தில் இருக்கின்றன, வேறொரு நம்பிக்கையின் மேல் ஏறி நிற்பதில்லை. தேவன்மேல் உள்ள நம்பிக்கையும் அப்படி அடித்தள நம்பிக்கையாக இருக்கலாம் என்றார். உடனே வந்த எதிர்ப்பு: அப்படியானால் பூசணிக்காயைக் கும்பிடுகிறவனும் அதையே சொல்லலாமே? அவர் பதில், சொல்ல யாராலும் முடியும், ஆனால் அப்படியொரு நம்பிக்கையைப் பிறப்பிக்கும் சீரான இயக்கம் அவனுக்குள் இருக்க வேண்டும் என்பது. கிறிஸ்தவம் உண்மையானால் அந்த இயக்கம் உண்டு. கிறிஸ்தவம் உண்மையா என்பதை இந்த வாதம் காட்டாது. காட்டுவதாக அவரே சொல்லவில்லை.

ஆகவே பிளாண்டிங்கா உங்களுக்குக் கேடயம். 'ஆதாரம் இல்லாமல் நம்புவது மடமை' என்ற அடியைத் தடுக்கும். அதைக் கொண்டு திருப்பி அடிக்கப் பார்த்தால் சைவ நண்பர் அமைதியாக, 'எனக்கும் சிவானுபவம் அடித்தளத்தில்தான் இருக்கிறது' என்பார். அத்தோடு உங்கள் கை காலி.

பிளாண்டிங்காவிடமிருந்து இரண்டு வாதங்களை எடுக்கும்போது மிக எச்சரிக்கையாக இருங்கள். பரிணாமம் பற்றியது ஒன்று. தவளையின் நாக்கு சரியான நேரத்தில் ஈயை எட்டினால் தவளை பிழைக்கும், ஈயைப் பற்றி அது என்ன 'நம்புகிறது' என்பது பிழைப்புக்குப் பொருட்டல்ல. கடவுளே இல்லாமல், பிழைப்பை மட்டும் பார்த்துத் தேர்ந்த பரிணாமம் தந்த மூளை என்றால், அது தத்துவ விஷயத்தில் உண்மையைச் சொல்லும் என்று நம்ப என்ன காரணம்? இது இயற்கைவாதமும் பரிணாமமும் சேர்ந்த ஜோடிக்கு எதிரான வாதம். பரிணாமத்துக்கு மட்டும் எதிரானது என்று நினைத்துப் பயாலஜி மாணவரிடம் போனால் கிழித்துவிடுவார்கள். அடுத்தது, தேவன் ஏன் தீமையை அனுமதித்தார் என்ற கேள்விக்கு மனிதனின் சுயாதீனத்தைக் காட்டிப் பதில் சொல்லும் அவரது வாதம். அது எந்தப் பக்கமும் தீர்மானிக்கப்படாத சுதந்திரத்தை எடுத்துக்கொண்டு நடக்கிறது. தேவன் சகலத்தையும் நியமித்தார் என்று அறிக்கையிடும் நீங்கள் அதைக் கையில் எடுத்தால், அடுத்த கேள்வியில் சொந்த அறிக்கையோடு மோதுவீர்கள். சீர்திருத்தக் கல்லூரியில் பாடம் சொன்னவர் என்பதற்காக அவர் எழுதியதெல்லாம் சீர்திருத்த இறையியல் ஆகிவிடாது.

திருப்பிக் கேட்கும் கருவி, சீர்திருத்த இறையியலாளர் கார்னீலியஸ் வான் டில் (1895–1987) கொடுத்தது. நீதிமொழிகள் 26:4, 5 வசனங்களில் இதன் வடிவம் இருக்கிறது: மூடனுக்கு அவன் மதியீனத்தின்படி மறுஉத்தரவு கொடாதே, அடுத்த வரியிலேயே, கொடு. முதலாவது, எதிராளியின் அளவையை உங்கள் அளவையாக ஏற்றுக்கொண்டு தேவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள். இரண்டாவது, வாதத்துக்காக அவர் நிலத்தில் இறங்கி நின்று, அந்த நிலம் அவரையே தாங்குகிறதா என்று காட்டுங்கள். மூடன் என்ற சொல்லை வேதத்தோடு விட்டுவிடுங்கள், அறையில் வேண்டாம். தமிழில் இதற்கு ஏற்கெனவே பெயர் உண்டு. சித்தியார் இரண்டு பகுதியாக இருக்கிறது: பரபக்கம், சுபக்கம். பிறர் கொள்கையை அவர் வாயாலேயே சொல்லவைத்துச் சோதிப்பது முன்னது, தன் கொள்கையை நிறுவுவது பின்னது. சைவர்கள் கற்றுக்கொண்ட ஒழுங்கை நாமும் கற்றுக்கொண்டால் குறைந்துபோக மாட்டோம்.

பெரியார் வாசகரோடு பேச்சு ஏறக்குறைய இப்படி இருக்கும்.

"இன்னா மச்சான், கடவுள் இல்லாம லாஜிக் இல்லைன்றியே, நான் கும்புடாமத்தான் கணக்கு போட்டு உன்னவிட அதிகம் மார்க் வாங்கறேன்?"

"போடற. போட முடியாதுன்னு நான் சொல்லலடா. உன் கதைப்படி உலகம் இருந்தா, மூளைக்குள்ள ஓடற கணக்கு வெளிய பாலம் கட்டறதுக்கு ஏன் ஒத்துவருதுன்றதுக்கு உன்கிட்ட காரணம் இல்லைன்றேன்."

அறிவது வேறு, அறிவதற்குக் கணக்குச் சொல்வது வேறு. இந்த ஒரு வித்தியாசம் தெரியாததால்தான் சிரித்தார்கள். ஆனால் அவரோடு லாஜிக்கில் தொடங்க வேண்டிய அவசியமே இல்லை. அவர் நெஞ்சில் சூடாக இருப்பது சாதி. சாதி அயோக்கியத்தனம் என்கிறார், ஆமாம் என்று சொல்லுங்கள். பிறகு கேளுங்கள்: மனிதர் எல்லாரும் சமம் என்பதைக் கண்ணால் கண்டாயா? கண்ணுக்குத் தெரிவது உயரம், நிறம், பலம், மார்க் எல்லாம் வேறு வேறு என்பதுதானே? இயற்கை எளியவனை மிதித்துத்தானே முன்னேறுகிறது? உன் கோபம் சரி, அந்தக் கோபம் நிற்க உன் தரையில் இடம் எங்கே?

இதை ஏளனமாகக் கேட்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். 'உங்க சபையிலயே சாதி இருக்கே' என்ற பதில் ஐந்து விநாடியில் வரும். வந்தால் முதல் வார்த்தை 'ஆமாம்' என்றே இருக்கட்டும். 'ஆனால்' என்று தொடங்காதீர்கள். யாக்கோபு 2:9 பட்சபாதத்தைப் பாவம் என்கிறது, ஆகவே எங்களைக் கண்டிக்கும் கோலும் எங்கள் நூலிலேயே இருக்கிறது என்று பிறகு சொல்லலாம். 1900இல் ஐடா ஸ்கட்டர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில்தான் 1973 டிசம்பர் 24இல் பெரியார் காலமானார். இதை ஒரு வாதமாக்கிப் பேசுகிறவர்களைக் கேட்கலாம். மலிவான அடி, தொடாதீர்கள். ஒருவர் எந்தக் கட்டிலில் இறந்தார் என்பதில் தத்துவம் எதுவும் நிரூபணமாவதில்லை.

இந்த வாதத்தின் எல்லையையும் தெரிந்துகொள்ளுங்கள். 1985இல் கலிபோர்னியாவில் வான் டில் வழிவந்த கிரெக் பான்சன், நாத்திகர் கார்டன் ஸ்டைனோடு நடத்திய விவாதத்தைப் பலர் மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறார்கள். ஸ்டைன் வழக்கமான நிரூபணங்களை மறுக்கத் தயாராக வந்தவர், இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. உங்கள் நண்பர் அந்த வீடியோவைப் பார்த்திருக்கலாம். 1968இலேயே தத்துவவாதி பாரி ஸ்ட்ரவுட் சொன்ன தடை ஒன்றும் உண்டு: இது இல்லாமல் சிந்திக்க முடியாது என்று காட்டினால், இதை நம்பித்தான் ஆக வேண்டும் என்று மட்டுமே ஆகும், இது உண்மை என்று ஆகாது. என் கணிப்பில் அந்தத் தடைக்கு முழுப் பதில் இன்னும் வரவில்லை. ஆகவே இந்த வாதத்தை இடித்துத் தள்ளும் புல்டோசராக ஓட்டாமல், கேள்வியாகவே வையுங்கள். அப்படி வைத்தால் அது நன்றாகவே வேலை செய்யும்.

சைவ நண்பரிடம் வேறு பாடம். பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (கட்டு) மூன்றும் அநாதி என்பது அவர் சித்தாந்தம். ஆணவ மலம் செம்பில் களிம்புபோல உயிரோடு என்றும் இருப்பது, இறைவன் படைத்ததல்ல. ஆகவே தீமைக்கு இறைவன் காரணமல்ல என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். உங்கள் பக்கம் தேவன் இல்லாமையிலிருந்து படைத்தார், சகலத்தையும் நியமித்தார் என்கிறீர்கள். 'அப்படியானால் களிம்பும் அவர் செய்ததுதானே?' என்பது அவர் கேட்க வேண்டிய கேள்வி, கேட்டே தீருவார். கூசாதீர்கள். அறிக்கைகள் சொல்வது இவ்வளவுதான்: தேவன் நியமித்தார், ஆனாலும் பாவத்தின் கர்த்தா அவரல்ல. இரண்டாம் காரணங்களாகிய மனிதச் சித்தங்கள் மெய்யாகவே செயல்படுகின்றன. ஆதியாகமம் 50:20இல் யோசேப்பு ஒரே செயலில் இரண்டு எண்ணங்களைக் காட்டுகிறான்: நீங்கள் தீமைசெய்ய நினைத்தீர்கள், தேவனோ அதை நன்மையாக முடியப்பண்ணினார். எப்படி என்பது விளங்காது, இரண்டும் உண்மை என்பது மட்டும் விளங்கும். பிறகு நீங்கள் கேட்கலாம்: களிம்பு அநாதி என்றால், இறைவனுக்கு நிகரான பழமை அதற்கு எங்கிருந்து வந்தது? தொடக்கமில்லாதது உயிரின் இயல்பாகவே ஆகிவிடாதா, பிறகு அது நீங்குவது எப்படி? அவரிடம் பதில் இருக்கும். கேட்டுக்கொள்ளுங்கள்.

இங்கே அடிக்கடி நடக்கும் விபத்து ஒன்று. 'படைப்புக்கு முன் தேவன் யாரை நேசித்தார்? திரித்துவம் இல்லாவிட்டால் அன்புக்கு இடம் இல்லை' என்ற வாதத்தை முஸ்லிம் நண்பரிடம் வைக்கலாம், கொஞ்சம் கனம் உண்டு. அதையே சைவரிடம் வைத்தால் புஸ்வாணம்தான். உயிர்களே அநாதி என்பவருக்கு, இறைவன் நேசிக்க ஆள் இல்லாத காலம் என்று ஒன்று கிடையாது.

அவரோடு நெருங்கிப் பேசத் தகுந்த இடம் அருள். மலபரிபாகமும் (மலம் கழலும் பக்குவம்) இருவினை ஒப்பும் (நல்வினை தீவினை இரண்டையும் ஒன்றாகப் பார்க்கும் நிலை) கூடும்போது சத்திநிபாதம் (அருள் இறங்குவது) என்பது அவர் வரிசை. பக்குவத்துக்குக் காத்திராமல், பக்குவத்தையும் சேர்த்தே கொடுக்கிற கிருபை என்பது டார்ட் வரிசை. சோளிங்கர் பக்கத்து வைணவ நண்பர் யாராவது இருந்தால் 'இது தென்கலைப் பூனைக்குட்டி நியாயம் ஆச்சே' என்பார். குட்டி தாயைப் பற்றுவதில்லை, தாய்தான் கவ்வித் தூக்குகிறது. ஒற்றுமையை ஒப்புக்கொள்ளுங்கள். பவுல் அத்தேனேயில், 'உங்கள் புலவர்களிலும் சிலர்' என்று அவர்கள் பாட்டையே எடுத்துச் சொன்னார் (அப்போஸ்தலர் 17:28). அதே பேச்சில் மனந்திரும்பவும் சொன்னார். எவரிடம் கண்டாலும் உண்மை தேவ ஆவியின் ஈவு என்று கால்வினே எழுதியிருக்க, கோயிலையும் குறளையும் பழித்துப் பேசுவதற்குச் சீர்திருத்த இறையியலில் இடமில்லை.

முஸ்லிம் நண்பரிடம் திரித்துவக் கணக்கில் தொடங்காதீர்கள், இரண்டு மணி நேரம் போகும், ஒன்றும் நகராது. தேவன் இரக்கமுள்ளவர், நீதியுள்ளவரும்கூட, மன்னிக்கும்போது நீதி என்னவாகிறது என்று கேளுங்கள். ஹைடல்பெர்க் 11 முதல் 18 வரை அந்த ஒரே கேள்விதான்.

இன்னொரு பூட்டு உண்டு, நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வேலூரில் இருந்துகொண்டு தப்பிக்க முடியாது. காந்தி ரோடு லாட்ஜில் ரிப்போர்ட்டுக்காக உட்கார்ந்திருப்பவர் 'எதுக்குப்பா எங்களுக்கு இப்படி?' என்றால் அது தத்துவக் கேள்வி அல்ல. யோசேப்பையும் இரண்டாம் காரணங்களையும் அங்கே எடுக்காதீர்கள். மழையும் வறட்சியும், சுகமும் நோயும் தற்செயலாக அல்ல, தகப்பனின் கையிலிருந்தே வருகின்றன என்று ஹைடல்பெர்க் 27 சொல்வது உண்மைதான். அதை விசுவாசி தனக்குத்தானே சொல்லிக்கொள்ளலாம், அடுத்தவர் தலையில் கொட்டக் கூடாது. டீ வாங்கிக் கொடுங்கள், மருந்துச் சீட்டைக் கொண்டுபோய் மருந்தை வாங்கி வாருங்கள்.

பயிற்சிக்கு வழி: ஹைடல்பெர்க் 52 ஞாயிறுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது, வாரம் ஒன்று படியுங்கள், கேள்வி இரண்டு மூன்றுதான் வரும். கூடவே ரோமர் 1, அப்போஸ்தலர் 17, முதல் கொரிந்தியர் 1, 2 அதிகாரங்கள். அறைவாதத்தில் ஒரு நேரத்துக்கு இரண்டு கேள்விக்கு மேல் கேட்காதீர்கள். மூன்றாவது கேள்வி விசாரணை ஆகிவிடும். பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லி, தேடி வந்து சொல்லுங்கள். முக்கியமாக, மூவருக்கும் தனித்தனியே ஒரு பக்கத்தில் பரபக்கம் எழுதுங்கள், அவர் நம்புவது என்ன, ஏன் என்று, அவர் சொற்களிலேயே. எழுதி அவரிடமே கொடுங்கள். 'ஆமா, நான் சொல்றது இதான்' என்று அவர் சொல்லும்வரை சுபக்கத்துக்குப் பேனாவைத் திறக்க வேண்டாம். பெரியார் வாசகரிடம் இரண்டாம் தடவையில் முடிந்துவிடும். சைவ நண்பர் நான்கைந்து தடவை திருத்தித் தருவார், இருவினை ஒப்பு உங்களுக்குப் பிடிபடவே ஒரு மாதம் ஆகும்.